தரங்கம்பாடி: ஒரு வாடகைப் பாக்கியின் வரலாறு

தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வருவதற்காகக் கிளம்பவே இல்லை. அவர்கள் கிளம்பியது இலங்கைக்கு. அங்கே கதை கந்தலான பிறகு, வெறுங்கையோடு ஊர் திரும்பினால் ராஜா தோலை உரித்துவிடுவாரே என்ற பயத்தில் அக்கம்பக்கம் துழாவியபோது கையில் அகப்பட்ட ஊர்தான் இது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் இதை "டேனியர் வருகை" என்று ஒரே வரியில், ஏதோ பொண்ணு பார்க்க வந்ததுபோல, மரியாதையாக எழுதிவிட்டுப் போய்விடும்.

ஆரம்பித்து வைத்தவர் மார்செலிஸ் போஷோவர் என்ற ஒல்லாந்துக்காரர். டச்சுக் கம்பெனி ஆளாக இலங்கைக்குப் போனவர், கண்டி ராஜா செனரத்தின் அரண்மனையில் எப்படியோ செல்வாக்குப் பிடித்து, தானும் ஒரு குறுநில இளவரசன் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். போர்த்துக்கீசியரை விரட்ட உதவி கேட்கும் தூதராக ஐரோப்பா போனார். முதலில் சொந்த ஊர்க்காரர்களிடம் கேட்டார். அவர்களுக்கு இவரைப் பற்றித் தெரியும் போலிருக்கிறது, கண்டுகொள்ளவில்லை. அடுத்து டென்மார்க். அங்கே நான்காம் கிறிஸ்தியான் என்ற ராஜா 1616-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்துவிட்டு, கம்பெனி இருக்கிறது, கிழக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லையே என்ற கவலையில் உட்கார்ந்திருந்தார். போஷோவர் போய் நின்றதும் அவருக்குத் தெய்வமே வந்து நின்ற மாதிரி இருந்திருக்க வேண்டும். கப்பல்கள் தயாராயின.

இந்தப் படைக்குத் தலைவராக ராஜா தேர்ந்தெடுத்தவர் ஓவே கெட்டே. 1618 நவம்பரில் கப்பல் ஏறும்போது அவருக்கு இருபத்து நான்கு வயது நிரம்பவில்லை. நம் வீட்டில் அந்த வயசுப் பையனைத் தனியாகத் திருப்பதிக்கு அனுப்பவே அம்மாக்கள் யோசிப்பார்கள். கெட்டே ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இலங்கை வந்து சேர 535 நாள் ஆயிற்று. வழியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். செத்தவர்களில் போஷோவரும் ஒருவர். கல்யாணத் தரகர் பாதி வழியில் இறந்துவிட, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பெண் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

பெண் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் யார் என்பதுதான். 1620 மே மாதம் இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கண்டி ராஜா ஏற்கெனவே போர்த்துக்கீசியரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தார். போஷோவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தமெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லை, அப்படி எழுத அவருக்கு நான் அதிகாரம் கொடுக்கவில்லை என்று கைவிரித்துவிட்டார். கெட்டே விடவில்லை. பேசிப் பேசி, திருகோணமலையில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி வாங்கி, வேலையையும் ஆரம்பித்தார். ஆளும் இல்லை, பணமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. அந்தக் கோட்டை அரைகுறையாக நின்றது.

இதற்குள் இந்தப் பக்கம் இன்னொரு கூத்து. கெட்டேவுக்கு முன்னாலேயே வேவு பார்க்க அனுப்பப்பட்ட கப்பல் ஒன்று உண்டு. பேர் ஓரேசுன்ட், தலைவர் ரோலண்ட் கிராப்பே. வேவு பார்க்கச் சொன்னால் இவர் காரைக்கால் பக்கக் கடலில் போர்த்துக்கீசியர் கப்பல்களைக் கொள்ளையடித்துப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தார். போர்த்துக்கீசியர் திரும்பி வந்து கப்பலை மூழ்கடித்தார்கள். மாலுமிகளில் இருவரின் தலையைக் கொய்து, பின்னால் வருகிற டேனிஷ்காரர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று கடற்கரையில் கழியில் குத்தி நட்டுவைத்தார்கள். இன்று குடும்பத்தோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிற இந்தக் கடற்கரையோரத்தில் டென்மார்க்குக்கு முதன்முதலாக வைக்கப்பட்ட விளம்பரப் பலகை அதுதான்.

கிராப்பேயும் பதின்மூன்று பேரும் நீந்திக் கரையேறினார்கள். உள்ளூர்க்காரர்கள் பிடித்துக் கட்டித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரகுநாத நாயக்கர். தெலுங்கில் காவியம் எழுதுகிறவர், வீணையில் ஊறியவர், இன்று தஞ்சாவூர் வீணை என்று நாம் சொல்வதே அவர் காலத்தில் உருவம் பெற்றதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ரசிகரின் முன்னால் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டப் பதினான்கு பேர் நின்றால் என்ன நடந்திருக்கும்? கழுவேற்றியிருக்கலாம், சிறையில் போட்டிருக்கலாம். நாயக்கர் வியாபாரம் பேசினார். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் ஒருத்தரே கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் இன்னொரு கடை வந்தால் சரக்குக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வீணை வாசிக்கிறவருக்கும் தெரியும்தானே. கைதியாகப் போன கிராப்பே தரகராகத் திரும்பினார். இலங்கையிலிருந்து கெட்டே தஞ்சாவூருக்கு வந்தார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. மீனவர் வாழும் ஒரு கடற்கரைக் கிராமம், அதில் ஒரு கல்கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமை, வரி வசூல். பதிலுக்கு வருஷ வாடகை. 3,111 ரூபாய் என்று வழக்கமாக எழுதுவார்கள்.

நாயக்கர் இதோடு நிற்கவில்லை. டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில், தமிழில் ஒரு கடிதம் எழுதி, தெலுங்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அது இன்றைக்கும் கோபன்ஹேகனில், அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாடகைக்கு வருகிறவனுக்கு வீட்டுக்காரர் தங்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்ததை உலக வரலாற்றில் வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அடுத்த ஐம்பது வருஷம் அந்த வாடகை என்ன பாடு பட்டது என்று தெரிந்தால் நாயக்கர் ஓலையில்கூட எழுதியிருக்க மாட்டார்.

கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பேர் வைத்தார்கள். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைகளில் குரோன்போர்க்குக்கு அடுத்த பெரிய கோட்டை இது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். குரோன்போர்க் என்பது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் உலவிய கோட்டை. அங்கே அப்பாவின் ஆவி வந்தது. இங்கே வாடகை வசூலிக்க ஆள் வந்தார்.

உள்ளே போனால் கடலைப் பார்த்து நீளமாகப் படுத்திருக்கும் இரண்டடுக்குக் கட்டடம். கீழே கிடங்கு, சிறை, சிப்பாய்களின் அறை. மேலே தலைவரின் வீடும் வழிபாட்டுக்கு ஓர் இடமும். மிளகு கீழே, கடவுள் மேலே. எது நனையக் கூடாது என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் இடறுகிறது. கீழ் அறைகளின் கூரை வளைந்து தாழ்வாக இருக்கும். மே மாத வெயிலில் நுழைந்தால் சட்டென்று ஒரு குளுமை, அதோடு வௌவால் வாசனை இலவசம். அருங்காட்சியகத்தில் சீனத்துத் தேயிலை ஜாடி, பீங்கான், வாள், ஈட்டி எல்லாம் வைத்திருக்கிறார்கள். திமிங்கிலத்தின் எலும்பு ஒன்று கிடக்கிறது. பெரிய பெரிய அரவைக் கல்லும் இருக்கிறது. கோட்டை முழுக்கச் சுற்றினாலும் அந்தக் கல்லைப் பார்க்கும்போதுதான், இங்கே மனிதர்கள் பசித்துச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள் என்று தோன்றுகிறது. பீரங்கி ஒரு கட்டாயப் புகைப்படம். அப்பா குழந்தையைத் தூக்கிப் பீரங்கிமேல் உட்காரவைப்பார். வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டுக் குழந்தை அலறும். சுடுகிற வேலையை அது இன்னும் விட்டுவிடவில்லை.

இனிக் கம்பெனியின் வியாபார லட்சணம். 1622-க்கும் 1637-க்கும் இடையில் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்கள் பதினெட்டு. திரும்பிப் போனவை ஏழு. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒருத்தன் தொடர்ந்து பங்கு வாங்கினான் என்றால் அவனுக்குப் பேராசையைத் தாண்டி ஏதோ வேண்டுதல் இருந்திருக்க வேண்டும். கோட்டையில் காசு இல்லை. ஈயத்தில் காசடித்துப் புழங்கினார்கள். கிராப்பேக்குப் பிறகு வந்த பாரன்ட் பெசார்ட் கண்டவரிடமெல்லாம் கடன் வாங்கினார். கடன் முற்றினால் மனிதன் என்ன செய்வான்? ஊரை விட்டு ஓடுவான், அல்லது சாமியாராவான். பெசார்ட் 1642-ல் மொகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்தார்.

வாசகர்கள் இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். எதிரி ஷாஜகான். தாஜ்மகால் கட்டிக்கொண்டிருந்த அதே ஷாஜகான். இந்தப் பக்கம் தரங்கம்பாடியில் ஒரு கோட்டை, வாடகை பாக்கி, ஈயக் காசு. வங்காளத்தில் கரைதட்டிய எங்கள் கப்பலின் சரக்கை உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள், ஈடு கொடு என்பது வழக்கு. ஷாஜகான் காதுக்கு இந்தப் போர் எட்டியதா என்பதே சந்தேகம். ஆனால் லாபமாக நடந்தது. சில மாதத்தில் மொகலாயக் கப்பல் ஒன்றைப் பிடித்து, சரக்கைத் தரங்கம்பாடியில் விற்று, கப்பலுக்கு "வங்காளப் பரிசு" என்று பேரும் வைத்துத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனி ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் உருப்படியாகக் காசு தந்த தொழில் கடற்கொள்ளைதான்.

கணக்குக் கேட்க 1643-ல் வில்லெம் லேயெல் என்பவர் டென்மார்க்கிலிருந்து வந்தார். தணிக்கை அதிகாரியைக் கண்டால் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான் நடந்தது, கதவைச் சாத்திக்கொண்டார்கள். டேனிஷ் கோட்டையை டேனிஷ்காரரே முற்றுகையிட்டுப் பிடிக்க வேண்டியதாயிற்று. பெசார்ட் கப்பலேறி நழுவிவிட்டார். லேயெல் நான்கு வருஷம் நிர்வாகம் பார்த்தார், நேர்மையானவர் என்றுதான் தெரிகிறது. 1648-ல் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்து வெளியேற்றினார்கள். அதே வருஷம் கோபன்ஹேகனில் கிறிஸ்தியான் ராஜா காலமானார். அடுத்து வந்த மகன் கஜானாவைத் திறந்து பார்த்தார், மூடினார், 1650-ல் கம்பெனியைக் கலைத்தார். தரங்கம்பாடியில் இருந்தவர்களிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது நம் நாயகன் வருகிறார். இவருக்குச் சிலை இல்லை, தெருப் பெயர் இல்லை. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இவரைத் தாண்டி நேராகப் பாதிரிமார் கதைக்குப் போய்விடுவார்கள். பேர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. படிப்பு கிடையாது, எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பிரபு குடும்பம் இல்லை, சாதாரண ஆள். ஒவ்வொருத்தராகக் காய்ச்சலில் போய்க்கொண்டிருக்க, 1655-ல் தலைவராக இருந்தவரும் போய்ச் சேர்ந்தார். கோட்டையில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் கோங்ஸ்பாக்கே.

ஒரு நிமிஷம் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொந்த ஊரிலிருந்து கப்பல் வந்து பல வருஷம் ஆகிறது. சம்பளம் இல்லை. கம்பெனியே இல்லை. வாசலில் தஞ்சாவூர் நாயக்கரின் படை, வாடகை கேட்டு. கொஞ்சம் தள்ளி டச்சுக்காரர்கள், கோட்டையை நாங்கள் எடுத்துக்கொள்ளட்டுமா என்ற கண்ணோடு. நாமாக இருந்தால் சாவியை வாசற்படிக்கு அடியில் வைத்துவிட்டு முதல் கப்பலில் கிளம்பியிருப்போம். கோங்ஸ்பாக்கே என்ன செய்தார் என்றால், காலையில் எழுந்து டென்மார்க் கொடியை ஏற்றினார். வங்காள விரிகுடாவில் போகிற வருகிற கப்பல்களை மறித்தார். அந்தச் சரக்கை விற்ற காசில் கோட்டையைப் பழுதுபார்த்தார். அதோடு விடவில்லை, ஊரைச் சுற்றி ஒரு மதில் கட்டினார். வாடகை கேட்டு முற்றுகையிட்ட வீட்டுக்காரரை மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துப் பேச்சுவார்த்தை நடத்தி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கும் இழுத்துவந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதற்கு ஆவணச் சான்றோடு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் இவர்தான்.

இவர் தனியாக இருந்து மதில் கட்டினார் என்று எழுதுவதிலும் ஒரு குசும்பு இருக்கிறது. "ஒரே டேனிஷ்காரர்" என்றால் ஒரே மனிதர் என்று அர்த்தமில்லை. கல் சுமந்தவர்கள், காவல் நின்றவர்கள், படகு தள்ளியவர்கள் எல்லாம் இந்த ஊர் ஆட்கள். அவர்கள் யாருடைய பேரும் எந்தக் கணக்கிலும் இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் டென்மார்க் என்ற தேசம் பதினான்கு வருஷம் நடந்தது ஒரு டேனிஷ்காரரையும் ஊர் முழுக்கத் தமிழர்களையும் வைத்து.

கோங்ஸ்பாக்கே வேறு நாட்டுக் கப்பல்களில், யாரையாவது பிடித்து எழுதவைத்துத்தான் இருக்க வேண்டும், ஊருக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் இருக்கிறேன், கோட்டை இருக்கிறது. கோபன்ஹேகனில் ஒருநாள் யாரோ அதைப் பிரித்துப் படித்து, அட, நமக்கு இந்தியாவில் ஒரு ஊர் இருக்கிறதா என்று திடுக்கிட்டிருப்பார்கள். 1669 மே மாதம் ஃபேரோ என்ற கப்பல் வந்து நின்றது. பல வருஷம் கழித்து டென்மார்க்கிலிருந்து வந்த முதல் கப்பல். கையில் பணி நியமன உத்தரவு. பதினான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்த வேலையில் அவரை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். பழைய சம்பள பாக்கி பற்றி அரசு ஊழியர்கள் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் கடற்கரை. இங்கே வீசும் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு பல வருஷமாக ஓடுகிறது. வருகிறவர்கள் மூக்கை விடைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுப்பதைப் பார்க்கலாம். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை. மூக்குக்கு நேராக இருந்தால் நுரையீரலை அரிக்கிற நஞ்சு, நகரங்களில் அதை மாசு என்று அளக்கிறார்கள். அங்கே நீங்கள் இழுப்பது உப்புக் காற்றும் கடற்பாசியின் வாசனையும் கொஞ்சம் கருவாடும்தான். அதுவே போதுமான அளவுக்கு நன்றாக இருக்கிறது.

கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1305-ஐ ஒட்டி எழுந்தது. அந்தக் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் இருக்கிறது. அரசனுக்கு ஊருக்குத் தன் பேரை வைக்க ஆசை, ஊருக்கு அதில் ஆர்வமில்லை. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இருந்த கோயில் இது. முன் பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அலை எட்டும் தூரத்தில் கல் சரிந்து கிடந்ததை ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் புதுக் கோயில் எழுப்பி, கரையில் பாறாங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். பாண்டியன் கொடுத்த நிலம், நாயக்கர் கொடுத்த குத்தகை, ராஜா கொடுத்த சாசனம் எதையும் படித்துப் பார்க்காத ஒரே தரப்பு இந்தக் கடல்தான்.

ராஜா தெருவில் திரும்பினால் சீகன்பால்கு கதை. 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார், கூட ஹென்ரிக் புளுட்சோ. அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக். அவருடைய கோட்டையை ஆண்டவர் ஹாசியஸ் என்ற ஆளுநர். ராஜா அனுப்பிய ஆளை ராஜாவின் ஆளுநர் எப்படி வரவேற்றிருப்பார்? கொதிக்கிற வெயிலில் காக்கவைத்து, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு, நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். வியாபாரத்துக்கு நடுவில் பாதிரிமார் வந்தால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற கவலை அவருக்கு. இரண்டு வருஷத்தில் சண்டை முற்றி, 1708 கடைசியில் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் கோட்டைச் சிறையில் போட்டார். ஊரில் இருந்த ஐரோப்பியர்கள் ஒருத்தரையொருத்தர் சிறைப்படுத்திக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தரங்கம்பாடி மக்களுக்கு அந்தக் காலத்தில் வேறு பொழுதுபோக்கு தேவைப்பட்டிருக்காது.

சீகன்பால்கு தமிழ் கற்றது திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதி. பிறகு அவருக்கு அச்சு ஆசை வந்தது. தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் அதற்கு வெகு முன்னாலேயே, 1578-ல் கொல்லத்தில் வந்துவிட்டது, அந்தப் பெருமையைத் தரங்கம்பாடிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இங்கே அச்சு வந்த வழியைக் கேளுங்கள். லண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கத்தார் ஓர் அச்சு எந்திரம் அனுப்பினார்கள், கூடவே அச்சடிக்கத் தெரிந்த ஓர் ஆளும். கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரேசில் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்டு எந்திரத்தை மறுபடி கப்பலேற்றினால், அச்சுத் தெரிந்த ஆள் வழியில் இறந்துபோனார். 1712-ல் எந்திரம் மட்டும் கரை சேர்ந்தது. நல்ல வேளை, கோட்டைக் காவல் படையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் அகப்பட்டார். துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லி மைக்கட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த சிக்கல் எழுத்து. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் கண்ணாடி போடாத தாத்தாவுக்கு ஏற்ற அளவு. ககரம் ஒன்றே பாதி வரியை அடைத்துக்கொண்டால் புதிய ஏற்பாட்டை முடிக்க எத்தனை வண்டி காகிதம் வேண்டும்? சின்ன எழுத்து வார்க்க உலோகம் இல்லை. கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்தார்கள். அதில் அச்சாகி 1715-ல் முடிந்ததுதான் தமிழ்ப் புதிய ஏற்பாடு. சீஸ் டப்பாவில் பிறந்த தமிழ் எழுத்து என்றால் இன்றைக்குத் தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம், நடந்தது அதுதான். காகிதத்துக்கும் யாரையும் கெஞ்ச வேண்டாமென்று பக்கத்துப் பொறையாறில் ஒரு காகித ஆலை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

மனிதர் இதோடு நிற்காமல், நம் சாமிகளைப் பற்றி, அய்யனார், மாரியம்மன் வரை விசாரித்து 1713-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அவருக்குக் குருவாக இருந்த பிராங்கே, நாங்கள் உன்னை அனுப்பியது அந்தச் சாமிகளை ஒழிக்க, ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்துவைக்க இல்லை என்கிற தோரணையில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அது அச்சேறியது 1867-ல். எழுதியவர் செத்து நூற்று நாற்பத்தெட்டு வருஷம் கழித்து. பதிப்பாளரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எழுத்தாளர்கள் இதைப் படித்து மனம் தேறலாம். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-லிருந்து அதே தெருவில் நிற்கிறது, முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீடத்தோடு. அடுத்த வருஷமே, முப்பத்தாறு வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் கொஞ்சம் பணம் பார்த்தது. இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் நடுநிலைக் கொடி பறந்த இந்தத் துறைக்கு யோகம் அடித்தது. ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர்கள் கம்பெனிக்குத் தெரியாமல் சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்ப டேனிஷ் கப்பல்கள் வசதியாக இருந்தன. கையில் காசு புரண்டதும் நிக்கோபார் தீவுகளைக் குடியேற்றமாக்கப் போனார்கள். காய்ச்சலில் செத்தார்கள். மறுபடி போனார்கள். மறுபடி செத்தார்கள். 1788-ல் வந்த ஆளுநர் பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர், நன்றாக ஓவியம் வரைவார். அவர் தீட்டிய தென்னிந்தியக் கோயில் படங்கள் ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊருக்குள் நுழையும்போது வெள்ளையாக நிற்கிறதே ஒரு வாசல், அது அவர் காலத்தில், 1792-ல் கட்டியது. இன்று மதில் பெரும்பாலும் இல்லை, வாசல் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் போய்வர எவ்வளவோ இடமிருந்தும் எல்லோரும் வாசல் வழியாகவே போகிறோம்.

1801-ல் கோபன்ஹேகனில் ஆங்கிலேயர் குண்டு போட்டார்கள், இங்கே தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்தார்கள். 1807-ல் மறுபடி கோபன்ஹேகனில் குண்டு, 1808-ல் மறுபடி இங்கே ஆங்கிலேயர். 1815-ல் மறுபடி திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் துறைமுகத்தில் ஈ ஓட்டவேண்டிய நிலை. 1845 பிப்ரவரி 22-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு டென்மார்க் ராஜா ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார். வாடகைக்கு வந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போனார் என்பது இதன் சுருக்கம். பத்திரத்தில் தஞ்சாவூர் ராஜா கையெழுத்து இல்லை, அவருடைய ராஜ்யத்தையே கம்பெனி 1799-ல் எடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ரயிலும் கலெக்டர் அலுவலகமும் வேறு ஊர்களுக்குப் போயின. முதல் தமிழ் நாவல் எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்தார். மாயவரத்திலிருந்து ஒரு கிளை ரயில் வந்தது, அதுவும் நின்றுபோனது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலையில் கோட்டை தப்பித்தது. கோட்டைக்கு வெளியே கரையோரக் குப்பத்தில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

போகிறவர்கள் மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் போகலாம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பந்தி முடிந்ததும் அரைமணி நேரத்தில் வந்துவிடலாம். தெற்கே கொஞ்சம் போனால் பிரெஞ்சுக்காரர்களின் காரைக்கால், இன்னும் தள்ளி நாகப்பட்டினம், வடக்கே பூம்புகார், ஒரே நாளில் நான்கைந்து சாம்ராஜ்யங்களை முடித்துவிடலாம். கோட்டைச் சுவரில் ஆணியால் பெயரும் இதயமும் செதுக்குகிற அன்பர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். பதினான்கு வருஷம் அந்தக் கோட்டையைக் காத்த ஆள், தன் பெயரை அங்கே எங்கும் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்துபோகிற நீங்களும் எழுதாதீர்கள்.